வானம்பாடியின் தரை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கிய நிகழ்ச்சியில் ஒரு பறவையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நான் இன்று எடுத்துக்கொண்ட பறவை, பறவை நூல்களில் வாழ்வதைக் காட்டிலும் கவிதை நூல்களிலேதான் அதிகம் வாழ்கின்றது. வானம்பாடி என்பது அதன் பெயர். கவியரங்கிலே கவிஞரை வரவேற்பவர் "எங்கள் வானம்பாடியே வருக" என்று விளிப்பதை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றோம். கவிஞர் கண்ணதாசன் தாம் தயாரித்து 1963 இல் வெளிவந்த திரைப்படத்துக்கு இந்தப் பெயரை வைத்தார். 1971 இல் கோயம்புத்தூரிலே புதுக்கவிதைக்காரர்கள் கூடி ஒரு சிற்றேடு தொடங்கியபோதும் அதற்கு வானம்பாடி என்றே பெயரிட்டார்கள்.

இத்துணை புகழ்பெற்ற பறவையை நேரிற் கண்டவர்கள் எம்மிடையே எத்தனை பேர்? கண்டவர்களுள், அது எங்கே கூடு கட்டுகின்றது என்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டாவது கேள்வியே இன்றைய என் பேச்சுக்குப் பொருள்.

முதலிற் பறவையை அறிமுகம் செய்து வைக்கின்றேன். இலங்கையில் வானம்பாடிக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று இனங்கள் நிரந்தரமாக வாழ்கின்றன. மூன்றும் நிலத்திலேயே கூடு கட்டுபவை. அவற்றுள் மிக உயரத்தில் நின்று நெடுநேரம் பாடும் இனத்தையே நான் இங்கு குறிப்பிடுகின்றேன். நுனி அலகிலிருந்து வால்வரை அளந்தால் பதினாறு சென்ரிமீற்றர் அளவுதான் இருக்கும். காய்ந்த புல்லின் நிறம். அதன்மேல் கரும்பழுப்புக் கீற்றுகள். தலையிலே சிறு கொண்டை. பின் விரலில் நீண்ட நகம் ஒன்று உண்டு. கிளையைப் பற்றி அமர்வதற்கு அமைந்த கால் அன்று அது. நிலத்தில் நடப்பதற்கு அமைந்த கால். புற்றரையில் அது அசையாது இருந்தால் நீங்கள் பத்தடி தூரத்தில் நின்றாலும் கண்டுகொள்ள மாட்டீர்கள். அழகு என்று சொல்ல அதனிடம் குரலைத் தவிர வேறொன்றுமில்லை.

ஆண் பறவை நிலத்திலிருந்து எழும். சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே மேலே ஏறும். ஏறும்போதே பாட்டுத் தொடங்கிவிடும். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் உயரத்தில் நின்றபடி, மூச்சு வாங்குவதற்கும் இடைவெளி விடாததுபோலப் பாடிக்கொண்டேயிருக்கும். பிறகு மெல்ல இறங்கும். கடைசிச் சில அடிகளைப் பாட்டை நிறுத்திவிட்டுக் கல் விழுவதுபோல விழுந்து கடக்கும்.

ஏன் இவ்வளவு உயரம்? குயிலுக்கு மாமரக் கிளை இருக்கின்றது. புலுனிக்கு வேலி இருக்கின்றது. வானம்பாடி வாழும் வெட்டவெளியில் ஏறி நின்று பாட ஒரு மரமும் இல்லை. ஆகவே அது வானத்தையே மேடையாக்கிக் கொண்டது. அது பாடுவதும் வானத்தைப் பற்றியன்று. "கீழே உள்ள இந்தத் துண்டு நிலம் என்னுடையது, இங்கே என் கூடு வரப்போகின்றது, வேறொருவன் வரவேண்டாம்" என்பதுதான் பாட்டின் பொருள். அதனை ஒரு காணி உறுதி என்று சொன்னாலும் பொருந்தும்.

அந்தப் பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஸ்கொட்லாந்திலே செய்யப்பட்டு 1994 இல் வெளியான ஓர் ஆய்வு, சிறு வல்லூறு ஒன்று துரத்தும்போதும் சில வானம்பாடிகள் பாடுவதைப் பதிவு செய்தது. உயிருக்குத் தப்பி ஓடும் வேளையிலும் நன்றாகப் பாடக்கூடிய பறவையை வல்லூறு நெடுந்தூரம் துரத்துவதில்லை. இவ்வளவு மூச்சு உள்ளதைப் பிடிக்க முடியாது என்று அது விட்டுவிடுகின்றது. பாடாத பறவைகளே அதிகம் அகப்பட்டன. நாம் ஆனந்தம் என்று கேட்கும் பாட்டு, அதற்கு உயிர் காக்கும் தொழிலாகவும் இருக்கின்றது.

இனிக் கூட்டைப் பார்ப்போம். ஒரு புற்குத்தின் அடியிலே, சில வேளைகளில் மாட்டின் குளம்பு பதிந்து காய்ந்த பள்ளத்திலே, மெல்லிய புல்லால் ஆன ஒரு சிறு கிண்ணம். உள்ளே புள்ளிகள் நிறைந்த இரண்டு அல்லது மூன்று முட்டைகள். சுவருமில்லை, கூரையுமில்லை. கீரிக்கும் பாம்புக்கும் காகத்துக்கும் ஊர்நாய்க்கும் எட்டும் இடம் அது. தாய்ப் பறவை கூட்டுக்கு நேரே பறந்து இறங்குவதில்லை. சற்றுத் தொலைவில் இறங்கிப் புல்லுக்குள் ஒளிந்து நடந்து செல்லும். குஞ்சுகள் பறக்கப் பழகுமுன்பே கூட்டைவிட்டு வெளியேறிப் புல்லுக்குள் பிரிந்துவிடும். ஓரிடத்தில் எல்லாம் சேர்ந்திருந்தால் எல்லாம் சேர்ந்தே அழியும் என்பதை அவை பிறவியிலேயே அறிந்திருக்கின்றன.

வானத்தின் பெயரைத் தாங்கிய பறவையின் வாழ்வு இவ்வாறு முழுக்க முழுக்கத் தரையிலேதான் இருக்கின்றது. இலக்கியம் இதனை எப்படிக் கண்டது?

எங்கள் பழைய நூல்களில் வானம்பாடி என்ற பெயர் உண்டு. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியைப் பாடிய பேயனார், கிழவன் பருவம் பாராட்டுப் பத்திலே, மழை வந்து வானம்பாடியின் வறுமையைத் தீர்த்ததாகச் சொல்கின்றார். பட்டினப்பாலையின் தொடக்கத்திலே, மழையைப் பாடி மழைத்துளியையே உணவாகக் கொள்ளும் பறவை ஒன்று வருகின்றது. அதனை வானம்பாடி என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குவார். மழைத்துளியை மட்டும் உண்டு வாழும் பறவை கவிமரபுக்கு உரியது. வடமொழியாளர் சாதகம் என்பதும் அதுவே. நான் பேசும் பறவை விதையும் பூச்சியும் தின்று வாழ்வது. ஆயினும் பேயனார் அந்தப் பெயரை எந்தத் திணையில் வைத்தார் என்பதைக் கவனியுங்கள். முல்லை. மழை பெய்தாற் புல் முளைக்கும் மேய்ச்சல் நிலம்; ஆயர்களின் நிலம். புல் முளைத்தாற் பூச்சி பெருகும். பூச்சி பெருகினாற்றான் குஞ்சு பிழைக்கும். வானம்பாடியின் வறுமையை மழைதான் தீர்க்கின்றது என்ற கூற்றில் ஒரு மெய்யும் இருக்கவே செய்கின்றது.

ஆங்கிலக் கவிதைக்கு வருவோம். அங்கே பாடப்பட்டது எங்கள் பறவையின் நெருங்கிய உறவினம். உருவில் சற்றுப் பெரியது. ஷெல்லி 1820 இல், இத்தாலியின் லிவோர்னோ நகருக்கு அண்மையில் ஒரு மாலைப் பொழுதில் அதன் குரலைக் கேட்டு எழுதிய கவிதையை நம்மிற் பலர் பள்ளிக்கூடத்திலே படித்திருக்கின்றோம். அதைப் பறவை என்று ஒப்புக்கொள்ளவே ஷெல்லிக்கு மனம் வரவில்லை. உடலற்ற ஆவி ஒன்றையே அவர் கேட்கின்றார். மனிதனுக்குள்ள துயரமோ அலுப்போ அதற்கு இல்லை என்கின்றார். மகாகவி பாரதி இந்த ஷெல்லியிடம் கொண்ட ஈடுபாட்டினால் ஷெல்லிதாஸ் என்று புனைபெயரும் வைத்துக்கொண்டார். அவர் வழியாகவும் பிறர் வழியாகவும் அந்த ஆவிப் பறவை எங்கள் கவிதைக்குள்ளும் புகுந்துகொண்டது. கவிஞன் என்பவன் மண்ணைத் தொடாது மேலே நின்று பாடுபவன் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

வேட்ஸ்வேத் 1825 இல் இதே பறவையைப் பாடியபோது கண்ணைச் சற்றுக் கீழே திருப்பினார். மேலே போகும் நீ பூமியை வெறுக்கின்றாயா, அல்லது உன் மனமும் கண்ணும் கூட்டிலேதான் இருக்கின்றனவா என்று அவர் கேட்கின்றார். அது நல்ல கேள்வி. எனினும் அவரும் கூட்டருகே குனியவில்லை.

குனிந்து பார்த்தவர் ஜோன் கிளெயர். 1793 இல், இங்கிலாந்திலே ஹெல்ப்ஸ்ரன் என்னும் சிற்றூரில், கூலி விவசாயக் குடும்பத்திற் பிறந்தவர். தாமும் வயலிற் கூலிவேலை செய்தவர். அவருடைய வானம்பாடிக் கவிதை 1835 இல் வெளிவந்த தொகுதியில் இருக்கின்றது. அதிலே சில சிறுவர்கள் பூப்பறிக்க ஓடுகின்றார்கள். அவர்கள் காலடியிலிருந்து வானம்பாடி கிளம்பி மேலே பறக்கின்றது. நாங்களும் பறவையாக இருந்தால் யாரும் எட்டாத மேகத்திலே அல்லவா கூடு கட்டுவோம் என்று பையன்கள் நினைக்கின்றார்கள். அந்தப் பறவையோ தாம் கடந்துவந்த தானிய வயலின் தரையிலேதான் கூடு வைத்திருக்கின்றது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஷெல்லி எங்கே மயங்கினாரோ அங்கே கிளெயர் தெளிவாக நிற்கின்றார். வயலில் வேலை செய்தவனுக்குக் கூடு தெரியும். மிதித்துவிடாமல் காலைத் தள்ளி வைக்கவும் தெரியும்.

தோமஸ் ஹார்டியையும் சொல்லாமல் விட முடியாது. ஷெல்லி பாட்டுக் கேட்ட இடத்துக்கு அவர் 1887 இற் சென்றார். அங்கே தோன்றிய கவிதை 1901 இல் நூலுருவம் பெற்றது. இறவாப் புகழ் பெற்ற அந்தப் பறவையும் ஒருநாள் செத்து விழுந்திருக்குமே, அந்தப் பிடி தூசி எந்த மண்ணில் கிடக்கின்றதோ என்று அவர் தேடுகின்றார். இவ்வளவு போற்றிப் பாடிய நாட்டிலே 1861 இல் வெளிவந்து புகழ்பெற்ற திருமதி பீற்றனின் இல்லப் பராமரிப்பு நூலில் வானம்பாடிக் கறியை மாவுள் வைத்துச் சுடும் செய்முறையும் இருக்கின்றது. பாட்டாகக் கேட்ட பறவையைத் தட்டிலும் வைத்தார்கள். இதற்காக ஆங்கிலேயரை மட்டும் நான் குறைசொல்ல வரவில்லை. ஒன்றை மிக உயரத்தில் வைத்துப் போற்றுவதும், அது வாழ்வதற்கு வேண்டியதைப் பறிப்பதும் ஒரே காலத்தில் நடக்கலாம் என்பதே என் கருத்து.

கிளெயரின் வாழ்விலே இது வேறொரு வகையில் நடந்தது. அவருடைய ஊரைச் சூழ்ந்து பொதுப் புற்றரைகள் இருந்தன. ஏழைகள் ஆடுமாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள். பாராளுமன்றம் 1809 இல் இயற்றிய அடைப்புச் சட்டத்தின்படி அந்த வெளிகள் அளக்கப்பட்டு, வேலியிடப்பட்டு, தனியார் உடைமையாயின. அன்றைய சட்டமொழியில் இத்தகைய வெளிக்கு வழங்கிய பெயர் வெறுநிலம், தரிசு என்பதாகும். கிளெயர் அந்த இழப்பைத் திரும்பத் திரும்பப் பாடினார். 1864 இல் ஒரு மனநல விடுதியிலே அவர் வாழ்வு முடிந்தது.

இங்கிலாந்தின் அந்தச் சொல் அங்கேயே நின்றுவிடவில்லை. கிளெயரின் வானம்பாடிக் கவிதை வெளிவந்து ஐந்தாண்டுகளின் பின்னர், 1840 இல், இலங்கையிலே முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புத் தடைக் கட்டளைச்சட்டம் வந்தது. காடாகவும் தரிசாகவும் குடியிருப்பின்றியும் பயிரின்றியும் கிடக்கும் நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியது என்று அது கூறியது. 1897 இல் தரிசுநிலக் கட்டளைச்சட்டம் என்று பெயரிலேயே அச்சொல்லைத் தாங்கிய இன்னொன்றும் வந்தது. இந்தியாவிலே 2000 ஆம் ஆண்டு முதல் அரசு வெளியிட்டுவரும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புல்வெளிகள் பலவும் தரிசுக் கணக்கிலேயே சேர்கின்றன. கலப்பை படாத நிலம் வெறும் நிலம் என்ற எண்ணம் ஆட்சிகள் மாறினும் மாறவில்லை.

ஆனால் எங்கள் பேச்சுத் தமிழில் இதற்கு நல்லதொரு சொல் இருக்கின்றது. தரவை என்பது அது. யாழ்ப்பாணத்தவர்க்கும் வன்னியார்க்கும் மட்டக்களப்பார்க்கும் தெரிந்த சொல். மாரியில் நீர் தேங்கி, கோடையில் வறண்டு, கட்டைப் புல் படர்ந்து கிடக்கும் மேய்ச்சல் வெளியே தரவை. இச்சொல்லின் கனத்தை ஒரு முதியவரிடமிருந்து நான் கேட்டேன்.

1980 களின் தொடக்கத்தில் நான் பூநகரிப் பக்கத்தில் ஆசிரியராக இருந்தேன். சங்குப்பிட்டியில் இன்றுள்ள பாலம் 2011 இல் திறக்கப்பட்டது. அக்காலத்திலே கேரதீவிலிருந்து பாதையிலேறித்தான் கடலைக் கடக்க வேண்டும். சித்திரை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, தரவை ஓரமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். நிலம் அளக்க வந்த ஒருவர் முளைகளை அடித்துவிட்டு, அங்கே மாட்டுப்பட்டியுடன் நின்ற முதியவரிடம், "என்னப்பு, வெறும் தரிசுதானே, ஏன் கவலைப்படுறியள்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். அப்பு கோபிக்கவில்லை.

"தம்பி, தரிசெண்டா ஒண்டுமில்லாத நிலம். இது தரவை. இதிலை எவ்வளவு சீவன் கிடக்குதெண்டு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

சொன்னவர் கையிலிருந்த தடியால் ஒரு புற்குத்தை மெல்ல விலக்கிக் காட்டினார். உள்ளே மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி இருந்தன. "மாஸ்ரர், நீங்களும் வந்து பாருங்கோ" என்று என்னையும் அழைத்தார். "மாடு இதுக்கு மேலாலை போகாதோ அப்பு?" என்று கேட்டேன். "போகும்தான். நான் கண்டால் திருப்பி விடுவன். மாடு மேயாட்டிலும் இதுக்குச் சரிவராது. புல்லு உயந்து பத்தை பிடிச்சுதெண்டா இது இஞ்சை இராது" என்றார். பிற்காலத்தில் நான் வாசித்த பறவையியல் நூல்களும் இதைத்தான் சொல்லின. அளவான மேய்ச்சல் இருந்தாற் புல் கட்டையாக நிற்கும். மேய்ச்சல் அற்றுப்போனாற் பற்றை மூடிவிடும். மாட்டுக்கும் பறவைக்கும் இடையே உள்ள இந்தக் கணக்கைப் பட்டிக்காரர் படிப்பின்றியே அறிந்திருந்தார்.

பிறகு போர் வந்தது. நூறாண்டுக்கு முந்திய ஐரோப்பியப் போரிலே, பதுங்கு குழிகளிற் கிடந்த வீரர்கள் வானம்பாடியைக் கேட்டு எழுதியிருக்கின்றார்கள். ஐசக் ரோசன்பேர்க் என்ற இளங்கவிஞர் 1917 இல் எழுதிய கவிதையில், இரவிலே முகாம் திரும்பும் வீரர்களின்மேல் எறிகணைக்குப் பதிலாக அந்தப் பாட்டுப் பொழிகின்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ரோசன்பேர்க் போர்முனையில் இறந்தார். எங்கள் நாட்டிலும் 2009 வரை நீடித்த போரிலே, தரவைகள் பல முன்னரங்கக் காவல் வெளிகளாயின. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நாட்டப்பட்ட வெளிகளை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். மனிதன் கால்வைக்க அஞ்சிய நிலத்திலும், முப்பது கிராம் அளவே எடையுள்ள ஒரு பறவைக்கு நடமாடத் தடையில்லை. இதை நான் ஓர் ஆறுதலாகச் சொல்லவில்லை. மனிதன் அஞ்சி விலகினாற்றான் ஒரு பறவை வாழமுடியும் என்றால் அது எங்களுக்குப் பெருமையன்று. வெடிகள் அகற்றப்பட்டு மாடுகளும் மனிதரும் திரும்பி வரவேண்டும். அவர்களோடு அதுவும் இருக்கவேண்டும். அப்பு காட்டிய வழி அதுதான்.

அப்படி இருக்க முடியுமா? முடியும் என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு சான்று உண்டு. அங்கே 1970 களின் பின்னர் வானம்பாடிகளின் தொகை பாதிக்கு மேல் குறைந்துபோயிற்று. வசந்தத்தில் விதைத்து வந்த தானியத்தை முந்திய இலையுதிர்காலத்திலேயே விதைக்கத் தொடங்கியது முக்கிய காரணம். கூடு கட்டும் பருவத்திலே பயிர் மிக உயரமாகவும் அடர்த்தியாகவும் நின்றது. பறவைக்கு இறங்க இடமில்லை. ஆய்வாளர்கள் கண்ட பரிகாரம் மிக எளியது. ஒரு ஹெக்டேயர் வயலில் இரண்டு சிறு துண்டுகளை விதைக்காது விடுவது. ஒவ்வொன்றும் பதினாறு முதல் இருபத்துநான்கு சதுரமீற்றர். எங்கள் வீடுகளிலுள்ள ஓர் அறையின் அளவு. அந்தச் சிறு வெற்றிடம் இருந்தாற் போதும், பறவை இறங்கிக் குஞ்சுக்கு இரை தேடும்.

எங்கள் தரவைக்கு வரும் ஆபத்துகள் வேறு. ஊர்க்குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டும் இடமாக அது கருதப்படுகின்றது. கட்டாக்காலி நாய்கள் அங்கே பெருகுகின்றன. கோடையிலே புல்லுக்குத் தீ வைக்கின்றார்கள். நல்ல மனத்தோடு செய்யும் காரியமும் ஒன்று உண்டு. சுற்றாடல் தினங்களிலே வெளியாகக் கிடக்கின்றதே என்று மரக்கன்றுகளைக் கொண்டுபோய் நடுகின்றோம். மரம் நடுவது நல்லது. தெருவோரத்திலும் வளவிலும் அழிந்த காட்டிலும் நடுவோம. இயற்கையாகவே புற்றரையாக உள்ள நிலத்தில் மரம் எழும்பினால், காகமும் பருந்தும் வந்து அமர்ந்து தரையிலுள்ள கூட்டை நோட்டமிட வசதியாகும். மரமில்லாத நிலம் எல்லாம் மரத்தை இழந்த நிலம் அன்று.

நேயர்களே, எழுதுபவர்களிடமும் வாசிப்பவர்களிடமும் இன்று நான் வேண்டுவது ஒரு சொல்லைத்தான். நிலத்தை என்ன பெயரால் அழைக்கின்றோமோ அவ்வாறே அதனை நடத்துகின்றோம். தரிசு என்று எழுதினால், யாராவது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அதற்குள் அடங்கிவிடுகின்றது. தரவை என்று எழுதினால், அங்கே பட்டி இருக்கின்றது, பட்டிக்காரர் இருக்கின்றார், புல்லுக்குள் கூடு இருக்கின்றது என்பதும் கூடவே வரும். எங்கள் நாவல்களிலும் சிறுகதைகளிலும் இந்தச் சொல் அருகி வருகின்றது. அகராதியில் மட்டும் கிடந்து அது மறைவதை நாம் அனுமதிக்கலாகாது. முல்லைத் திணையைப் பரீட்சைக்கு மனனம் செய்யும் பிள்ளைகளை, அருகிலுள்ள ஒரு தரவைக்கு அழைத்துச் சென்று, இதுவும் முல்லையின் ஒரு சாயல்தான் என்று காட்ட ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.

அடுத்த முறை ஒரு கவிஞரை வானம்பாடி என்று வாழ்த்தும்போது, அவர் எந்த மண்ணில் கூடு வைத்திருக்கின்றார் என்றும் கேட்டுப் பார்ப்போம். அந்த மண் இருக்கும்வரைதான் மேலே பாட்டு இருக்கும்.